சின்னப்படத்தாரும் சிரிக்காத கோமகள்களும்

ரொறன்ரோத் தமிழர்களில் ஜேர்மன் பிரபுக்களின் வாய்க்குள் எட்டிப் பார்த்த ஒரே மனிதர் சின்னப்படத்தார்தான். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அந்தப் பிரபுக்கள் செத்து இருநூறு, இருநூற்றைம்பது வருடம் ஆகிவிட்டது என்பதோ, அத்தனை பேரும் வாயை இறுக்க மூடிக்கொண்டுதான் படத்துக்கு இருந்தார்கள் என்பதோ அவருக்கு ஒரு தடையாக இருந்ததில்லை.

வெக்ஸ்போர்ட்டில், லோறன்ஸ் வீதியில், ஒரு சவர்மாக் கடைக்கும் ஒரு டயர் கடைக்கும் நடுவில் நாங்கள் பல் செய்துகொண்டிருந்தோம். நாங்கள் என்று சொல்வது சும்மா ஒரு ஆசைக்கு. பல் வைத்தியர்கள் வாயில் அச்செடுத்துப் பெட்டியில் அனுப்புவார்கள். நான் முன்மேசையில் இருந்து பெட்டியை வாங்கி, லேபல் ஒட்டி, பின்னறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். நாலைந்து நாளில் அது பல்லாக வெளியே வரும். உள்ளே என்ன நடக்கிறது என்பது சின்னப்படத்தாருக்கும் அவர் பீங்கான் சுடுகிற அடுப்புக்கும்தான் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பெட்டியோடு உள்ளே போனேன். தலையில் பட்டி கட்டி, பட்டியில் இரண்டு பூதக்கண்ணாடிகளை மாட்டிக்கொண்டு ஒரு மனிதர் இருந்தார். அவருக்கு முன்னால் கொம்பியூட்டர் திரை முழுக்க ஒரு பெண்ணின் முகம். வெள்ளை மா பூசிய கொண்டை, நீலச் சட்டை, கழுத்தில் முத்து.

“அண்ணை, உவ ஆர்?” என்று கேட்டேன்.

“சொத்தைப்பல்லு.”

“விளங்கேல்லை.”

“உண்மைப் பேரைச் சொன்னால் உனக்கு நாக்குச் சுளுக்கும், பிள்ளை. ஜேர்மன் கோமகள். இடப்பக்கக் கன்னத்தைப் பார், உள்ளுக்குப் போயிருக்கு. கடைவாயிலை ரெண்டு பல்லு இல்லை. அதுதான் சிரிக்கிறா இல்லை.”

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் வேறு வேலை தேடிப் பார்த்தேன். நல்ல காலம், ஒன்றும் கிடைக்கவில்லை.

போகப் போகத்தான் விசயம் விளங்கியது. சின்னப்படத்தார் கனடாவுக்கு வருமுன் எட்டு வருடம் ஜேர்மனியில் அகதியாக இருந்தவர். ஒரு சின்னப் பட்டணம். அங்கே பல் செய்கிற லாப் ஒன்றில் கூட்டித் துடைக்கப் போய், பார்த்துப் பார்த்தே தொழிலைப் பழகியிருக்கிறார். அந்த ஊர்க் கோமகனின் பழைய மாளிகை நூதனசாலையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை உள்ளே விடக் காசில்லை, ஹீற்றர் வேறு நன்றாக வேலை செய்யும். குளிருக்கு ஒதுங்கப் போன மனிதர் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவில் ஆட்களின் முகங்கள். யானைத் தந்தத்தை மெல்லிய தகடாகச் சீவி அதில் கீறிய படங்கள். புருவத்து மயிரைக்கூட எண்ணலாமாம்.

“நான் அப்பதான் பல்லுக்கு நிறம் குடுக்கப் பழகிக்கொண்டிருந்தனான்,” என்று சொல்வார். “அதுவும் உதுவும் ஒரே வேலைதான், பிள்ளை. பல்லு வெள்ளை எண்டு நினைக்கிறியள், இல்லை. உள்ளுக்கை இருந்து வெளிச்சம் வரவேணும். உந்தக் கன்னத்தைப் பார். கீறினவன் சாயம் பூசேல்லை. பூசாமல் விட்டிருக்கிறான். தந்தம் உள்ளுக்கை இருந்து வெளிச்சம் குடுக்குது. எங்கை நிப்பாட்ட வேணும் எண்டு தெரிஞ்சவன்தான் வேலைகாரன்.”

பிறகு லண்டன் அரச குடும்பம் தங்களிடம் உள்ள ஓவியங்களை எல்லாம் இணையத்தில் போட்டிருப்பதை அவர் கண்டுபிடித்தார். அதற்குள் இந்தச் சின்னப் படங்களும் பெட்டி பெட்டியாக இருந்தன. அதிலும் ஜேர்மன்காரர் குவிந்து கிடந்தார்கள். ஏனென்று கேட்டேன்.

“சம்பந்தம்,” என்றார். “மாப்பிளையோ பொம்பிளையோ, லண்டனுக்கு அங்கையிருந்துதானே எடுக்கிறவை. உவையும் எங்கடை ஆக்கள் மாதிரித்தான். கையகலக் காணி, பெருமை மட்டும் கண்காணாத தூரத்துக்கு. கட்டுறது எல்லாம் மச்சான் மச்சாளைத்தான். உவ உவருக்குப் பெரியம்மா மோள், அவருக்கே மாமியும் முறை.”

நடுவில் கோடு போட்டுக் கோடு போட்டு நீளும் அந்த ஜேர்மன் குடும்பப் பெயர்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனாலும் பேச்சில் ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். சொத்தைப்பல்லு, கடைவாய்க் கோமகன், மேல்வரிசை இல்லாத மாமி, பல்லுக் கடிக்கிற தளபதி என்று எல்லாருக்கும் வாயை வைத்து ஒரு பெயர் இருந்தது. தளபதி நித்திரையில் பல்லைக் கடித்திருக்கிறார் என்பதைத் தாடைத் தசையை வைத்துப் பிடித்தவர் அவர். ஒரு படத்துக்குப் போட்டிருந்த பெயர் பிழை, தாடை அந்தக் குடும்பத்துத் தாடை இல்லை என்று லண்டனுக்கு மின்னஞ்சல் எழுதினார். கவனத்தில் எடுக்கிறோம், நன்றி என்று மரியாதையாகப் பதில் வந்தது. அதைப் பிரதி எடுத்துப் பிளாஸ்டிக் உறை போட்டு அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்தார். எங்கள் முதலாளி அதைத் தொழில் உரிமப் பத்திரம் என்று பல நாள் நினைத்திருந்தார்.

ஒருமுறை டவுன்ரவுனில் இருந்து ஒரு பெரிய பல் வைத்தியர் போன் எடுத்தார். நாற்பது வருடத் தொழிலில் இவ்வளவு இயற்கையான நிறத்தைப் பார்த்ததில்லை, இது எந்தக் கொம்பனியின் நிறம் என்று கேட்டார். நான் போனைச் சின்னப்படத்தாரிடம் கொடுத்தேன். ஆயிரத்து எழுநூறுகளில் வாழ்ந்த ஒரு கோமகளின் இடது கன்னத்தில் இருந்து எடுத்தேன் என்று அவர் அமைதியாகச் சொன்னார். அதன் பிறகு அந்த வைத்தியர் எப்போது போன் எடுத்தாலும் என்னோடு மட்டும்தான் பேசுவார். ஆனால் பெட்டி அனுப்புவதை மட்டும் நிறுத்தவில்லை.

பார்ப்பதோடு மனிதர் நின்றுவிடவில்லை, கீறவும் செய்தார். தந்தத்துக்கு எங்கே போவது? பல் செய்கிற பீங்கானை நகத்தளவு தடிப்பில் சுட்டு எடுப்பார். அணில் மயிரில் செய்த தூரிகை, அதில் நாலு மயிரை விட்டு மிச்சத்தை வெட்டிவிடுவார். அந்தக் காலத்தில் விளையாட்டுச் சீட்டு அட்டையில் ஒட்டித்தான் இப்படிப் படங்களை நிமிர்த்துவார்களாம். ஆகவே அவரும் சீட்டில் ஒட்டுவார். சனிக்கிழமைகளில் ரூஜ் பக்கம் ஒரு நண்பர் வீட்டு நிலக்கீழ் அறையில் முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவார்கள். அந்த விளையாட்டுக்கு இரண்டிலிருந்து ஆறு வரைக்கும் உள்ள சீட்டுகள் தேவையில்லை என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் தூக்கிப் போடும் அந்தச் சீட்டுகளை இவர் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வருவார். சின்னப்படத்தார் என்ற பட்டத்தை வைத்ததும் அந்தச் சீட்டுக் கூட்டம்தான். சொந்தப் பெயர் என்னவென்று சம்பளச் சீட்டைப் பார்த்தால்தான் எனக்கே தெரியும்.

கலியாண மண்டபங்களுக்கு அவரோடு போவது ஒரு தண்டனை. வாசலில் மாப்பிள்ளை பொம்பிளையின் ஆளுயரப் படம் வைத்திருப்பார்களே, அதற்கு முன்னால் பூதக்கண்ணாடியோடு நிற்பார். சனம் சுற்றிக்கொண்டு போகும்.

“பெரிசாக் கீறினால் பொய் சொல்ல இடமிருக்கு,” என்பார் எல்லாருக்கும் கேட்க. “சின்னனிலை ஒரு மயிர் தப்பினாலும் மூக்கு வேறை ஆளின்ரை மூக்காப் போடும்.”

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் ஏறி நிற்கும். சின்ன வயதில் அதைத் திருத்துகிற நிலைமையில் எங்கள் வீடு இருக்கவில்லை, வளர்ந்த பிறகு எனக்கு வீம்பு. படத்துக்கு நின்றால் வாயை மூடிக்கொள்வேன். கலியாணத்துக்கென்று அனுப்பிய படம் ஐந்து இடங்களில் இருந்து திரும்பி வந்தது. பெண் சிரிக்கிறாவில்லை, கர்வக்காரி போலிருக்கிறது என்று ஒரு வீட்டில் சொன்னார்களாம். அதைக் கேட்டு அம்மா என்னை ஒரு ஸ்ரூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த தம்பி கொம்பியூட்டரில் என்னைச் சிரிக்க வைத்தான். நிறத்தையும் இரண்டு மூன்று படி ஏற்றிவிட்டான். படத்தைப் பார்த்ததும் யாரிந்த வடிவான பெட்டை என்று நானே யோசித்தேன்.

அந்தப் படம் ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் நகரில் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கஜன் என்று ஒருவர், கொம்பியூட்டர் வேலை. வீட்டாருக்குப் படம் பிடித்தது, சாதகக் குறிப்பும் பொருந்தியது. எங்கள் இருவரையும் போனில் கதைத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு மாதம் கதைத்தோம். நான் சொல்கிற பகிடிக்கு அவர் நேரம் தப்பாமல் சிரித்தார். நான் பேசாமல் இருந்தால், என்ன யோசிக்கிறீர்கள் என்று கேட்டார். வேறு யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு அவரை நன்றாகப் பிடித்துவிட்டது, அதனாலேயே பயமும் பிடித்தது. வீடியோவில் வரச் சொல்லிக் கேட்டார். என் போனில் கமரா பழுது என்று சொல்லிவிட்டு, அதே போனில் எடுத்த பனிப் படங்களை அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பெப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக முடிவானது. இரண்டு கிழமை இருந்தது. நான் வெட்கத்தை விட்டு அந்த ஸ்ரூடியோப் படத்தைச் சின்னப்படத்தாரிடம் காட்டினேன்.

கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “உது ஆற்றை பல்லு?”

“என்ரைதான், அண்ணை.”

“உன்ரை இல்லை. உது விளம்பரப் பல்லு. உந்த மேல்வரிசையை அவன் ஸ்காபரோவிலை பாதிப் பெட்டையளுக்குப் பூட்டி விட்டிருக்கிறான். ரெண்டு கலியாணத்திலை நான் பாத்தனான்.”

“எனக்கு உந்தப் படத்திலை இருக்கிற மாதிரி முன்பல்லுக்கு ஒரு மூடி செய்து தாங்கோ. ஒட்டிக் கொள்ளுறன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதும்.”

“கலியாணம் திங்கட்கிழமையும் இருக்குமே, பிள்ளை.”

நான் அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய், அச்செடுக்கிற மாவைக் குழைத்து என் வாயில் வைத்துவிட்டார். வாய் நிறைய மாவோடு அழ முடியாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மா இறுகும்வரை அவர் கதை சொன்னார். அந்தச் சின்னப் படங்களில் கனக்க எதற்குக் கீறியவை? கலியாணம் பேசத்தான். பொம்பிளை ஜேர்மனியில், மாப்பிள்ளை லண்டனில், நடுவில் கடல். பொம்பிளையைக் கொண்டுபோக முதல் படத்தைக் கொண்டுபோவார்கள். ஒரு ராசா அப்படிப் படத்தைப் பார்த்து ஓம் என்றவர், பொம்பிளை வந்து இறங்கியதும் முகத்தைச் சுழித்துவிட்டாராம். அந்தக் கலியாணம் அரை வருடம்தான் நின்றது.

மா வெளியே வந்ததும், “பிழை ஆரிலை, பொம்பிளையிலையோ?” என்று கேட்டேன்.

“படத்திலை. இல்லாட்டி ராசாவிலை. பொம்பிளையிலை என்ன பிழை, அது தன்ரை முகத்தோடைதானே வந்தது,” என்றார். “சரி, பாப்பம்.”

பாப்பம் என்றால் செய்து தருவார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மற்றக் கிழமை வியாழக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்குப் போனேன். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார்.

“ஞாயிற்றுக்கிழமை அவையள் வரேல்லையாம். வீட்டுக்குச் செய்வினை வந்திட்டுதாம்.”

“எப்பிடி வந்தது?”

“தபாலிலை.”

நான் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றேன்.

“ஒரு எலும்புத் துண்டிலை ஆரோ ஒருத்தியின்ரை முகத்தைக் கீறி, சீட்டிலை ஒட்டி, பின்னாலை மயிரும் சுத்தி வைச்சிருக்காம். முப்பத்திரண்டு எண்டும் எழுதிக் கிடக்காம். முப்பத்திரண்டு நாளிலை என்ன நடக்கப் போகுதோ எண்டு அந்த மனுசி போனிலை அழுகுது.”

“ஆற்றை முகமாம்?”

“ஆரெண்டு தெரியேல்லையாம். கொஞ்சம் கறுத்த பெட்டையாம். முன்பல்லு ஒண்டு மற்றதுக்கு மேலை ஏறி நிக்குதாம். சிரிக்குதாம். பாக்கவே நெஞ்சு பதறுதாம்.”

இவ்வளவையும் அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். பெற்ற தாய்க்கே ஒன்றும் பிடிபடவில்லை. எனக்குத் தலையில் இருந்து கால்வரை பிடிபட்டது. அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். உண்மையான என் முகத்தை அந்த வீட்டார் பார்த்துவிட்டார்கள், பார்த்துப் பேய் என்று நினைத்திருக்கிறார்கள். இனி என்ன இருக்கிறது என்று நினைத்தேன். கஜன் இரண்டு தரம் போன் எடுத்தார். நான் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நேரே பின்னறைக்குப் போனேன்.

“அண்ணை, மார்க்கத்துக்கு என்ன அனுப்பினியள்?”

“படம்.”

“ஆரைக் கேட்டு?”

“கேட்டால் நீ வேண்டாம் எண்டிருப்பாய். விலாசம் உன்ரை மேசையிலை குறிப்புக் கவரிலை கிடந்தது.”

“ஒரு துண்டுக் கடிதமாவது வைச்சிருக்கலாமே.”

“படத்துக்கு ஏன் கடிதம்? படம்தானே கடிதம்.”

“பின்னாலை மயிர் ஏன்?”

“அது முறை. லண்டன் படங்களைத் திருப்பிப் பார், பின்பக்கம் மயிரைப் பின்னிக் கண்ணாடி போட்டு வைச்சிருக்கும். உன்ரை மயிரை நான் எடுக்கிறது மரியாதை இல்லை. அதாலை அணில் மயிர் வைச்சனான்.”

“முப்பத்திரண்டு?”

“வயசு. வயசு எழுதாத சின்னப் படத்தை நம்பக் கூடாது.”

நான் அந்த மனிதரோடு முதலும் கடைசியுமாகக் கத்தியது அன்றைக்குத்தான். உங்கடை ஜேர்மன் பைத்தியத்தாலை என்ரை வாழ்க்கை போச்சுது என்றேன். இன்னும் பலதும் சொன்னேன், எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் தலையில் இருந்த பட்டியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. கண்கள் சின்னதாக, களைத்துப் போய் இருந்தன.

“ஒரு பொய்ப் படம் அங்கை போயிருக்கு, பிள்ளை. மெய்ப் படமும் ஒண்டு போகவேணும் எண்டு நினைச்சன். செய்வினை எண்டு நினைப்பினம் எண்டு எனக்கு ஓடேல்லை. நாளைக்குப் போய்ச் சொல்லுவம்.”

சனிக்கிழமை காலை கோட்டும் ரையும் கட்டி, அதற்கு மேலே பூதக்கண்ணாடிப் பட்டியும் போட்டுக்கொண்டு தன்னுடைய பழைய காரில் வந்து நின்றார். அம்மாவிடம் சொல்லாமல் ஏறினேன். கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டு, சால்வையால் வாயைச் சுற்றிக்கொண்டேன். நேரே மார்க்கத்துக்குப் போனோம். அந்த வீட்டின் இரண்டு கார்களும் வெளியே பனிக்குள் நின்றன. கராஜ் கதவு மூடியிருந்தது. அது ஏன் என்று பிறகுதான் தெரிந்தது.

கதவைத் திறந்தவர் கஜனின் அம்மா. சின்னப்படத்தாரின் தலையில் இருந்ததைப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

“செய்வினை எடுக்க வந்தனீங்களோ, தம்பி?”

“ஓம், எடுக்கத்தான் வந்தனாங்கள். எங்கை வைச்சிருக்கிறியள்?” என்று சின்னப்படத்தார் கேட்டார். அவர் படத்தைச் சொன்னார், அன்ரி பேயைச் சொன்னார், இருவருக்கும் விசயம் ஒத்துப்போய்விட்டது.

அன்ரி எங்களைக் கராஜுக்குள் கூட்டிக்கொண்டு போனார். நட்ட நடுவில் ஒரு வாளி நிறைய உப்பு. வாளியைச் சுற்றி ஏழு தேசிக்காய். உப்புக்குள் என் முகம் கிடந்தது.

“ஆர் இதை உப்பிலை போட்டது? நிறம் போயிடுமெல்லோ,” என்று சொல்லிச் சின்னப்படத்தார் வெறுங்கையால் அதைத் தூக்கி ஊதினார். அன்ரி இரண்டடி பின்னால் போனார். அணில் மயிர் ஒன்று பறந்துபோய்த் தேசிக்காயில் ஒட்டியது.

பிறகு சின்னப்படத்தார் முன்னறையில் இருந்து விளக்கத் தொடங்கினார். ஒன்றரை மணித்தியாலம். மடியில் ரப்லெற்றை வைத்துக்கொண்டு அன்ரிக்கு ஜேர்மனியை முழுக்கக் காட்டினார். இது முன்பக்கம், இது பின்பக்கம், இது மயிர், இது வயது. ராசகுடும்பம் செய்தது செய்வினையோ, அக்கா? அன்ரி முதலில் ரப்லெற்றைத் தொடப் பயந்தார். கால் மணித்தியாலத்தில் கிட்ட வந்தார். அரை மணித்தியாலத்தில் விரலால் அவரே தள்ளிக்கொண்டு போனார்.

“உவ உவவின்ரை தங்கச்சியோ? மூக்கு ஒரு மாதிரிக் கிடக்கு.”

“மச்சாள். சரியாப் பிடிச்சிட்டியள், அக்கா.”

“உவவை ஏன் அந்தக் கிழவனுக்குக் குடுத்தவை? வேறை இடம் சரிவரேல்லையோ?”

“மூண்டு இடத்துக்குப் படம் போய்த் திரும்பி வந்தது.”

“பாவம்,” என்று சொல்லி அன்ரி அந்தக் கோமகளுக்காக மூக்கைச் சிந்தினார்.

அந்த நேரம்தான் கஜன் படியால் இறங்கி வந்தார். செய்வினை மகனின் கண்ணில் படக்கூடாது என்று அன்ரி அதுவரை அந்தச் சீட்டுப் படத்தைப் பற்றி அவரிடம் மூச்சுக்கூட விடவில்லையாம். சால்வைக்குள் இருந்த என்னைப் பார்த்து, வந்தவரின் மகளாக்கும் என்று நினைத்து ஹலோ சொன்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் குரலைப் பிடித்துவிடுவாரே.

“அப்ப, உந்தச் சீட்டிலை இருக்கிற பெட்டை எந்த நாட்டு இளவரசி?” என்று அன்ரி கேட்டார்.

சின்னப்படத்தார் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினேன். பிறகு என்ன நினைத்தேனோ தெரியாது. நான் மறைத்தால் இந்த மனிதர் எனக்காகப் பொய் சொல்ல வேண்டி வரும், அது அவருக்கு வராது. சால்வையை நானே அவிழ்த்தேன்.

“அது நான்தான், அன்ரி. நீங்கள் நாளைக்குப் பாக்க வர இருந்த ஆள். முதல் வந்த படத்திலை இருந்தது என்ரை பல்லு இல்லை. நிறமும் என்ரை இல்லை.”

அன்ரி என்னைப் பார்த்தார், சின்னப்படத்தாரின் கையில் இருந்த படத்தைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். “பிள்ளை, வாயைத் திற,” என்றார். இவ்வளவு காலமும் பல் லாப்பில் வேலை செய்தவள் நான், ஆனால் இந்தக் கட்டளை எனக்கு வந்தது அதுதான் முதல் தடவை. திறந்தேன்.

கஜன் சின்னப்படத்தாரின் தலையில் இருந்த பட்டியைக் கேட்டு வாங்கித் தன் தலையில் போட்டார். படத்தை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். அந்த நேரம் எனக்கு எவ்வளவு நீளமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

“அம்மா,” என்றார் கடைசியில். “நான் ஒரு மாசமா இவவோடைதான் கதைச்சனான். சீரியஸ்லி. அந்த மற்றப் படத்தைப் பாத்துக்கொண்டு போனிலை கதைக்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. குரலும் முகமும் மாட்ச் ஆகேல்லை. இவ சிரிக்கிறா. போனிலை கேக்கிற அதே சிரிப்பு.”

பிறகு என் பக்கம் திரும்பி, “உங்கடை கமரா திருத்தியாச்சோ?” என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். பல் முழுக்கத் தெரிந்திருக்கும். அன்ரி எழும்பித் தேத்தண்ணி போடப் போனார், வழியில் கராஜுக்குள் எட்டி அந்த ஏழு தேசிக்காயையும் எடுத்துக்கொண்டு போனார். எங்களுக்கு அன்றைக்குக் கிடைத்தது தேசிக்காய்த் தேத்தண்ணி.

கலியாணம் முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகு ஒருநாள் லாப்புக்குப் போயிருந்தேன். சின்னப்படத்தார் பல்லுக் கடிக்கிற தளபதியின் கொள்ளுப்பேரனைக் கண்டுபிடித்த சந்தோசத்தில் இருந்தார். கதையோடு கதையாக, அண்ணை, அண்டைக்கு அந்த மூடியைச் செய்து தந்திருந்தால் உங்களுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லையே என்றேன்.

“செய்தனான், பிள்ளை.”

நான் நம்பவில்லை. அவர் லாச்சியைத் திறந்து, தீப்பெட்டி அளவு பெட்டி ஒன்றை எடுத்தார். உள்ளே பஞ்சுக்கு மேல் இருந்தது. நேரான, வடிவான முன்பல் மூடி. என் மற்றப் பல்லுகளின் நிறம் அச்சாக இருந்தது. அவர் செய்ததிலேயே இதுதான் திறம் என்று பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்தது.

“குடுப்பம் எண்டு எடுத்துக்கொண்டு முன்னுக்கு வந்தனான். நீ போனிலை அவரோடை கதைச்சுச் சிரிச்சுக்கொண்டு இருந்தனி. ஆரும் பாக்கினமோ எண்ட யோசனை இல்லாமல். கொஞ்ச நேரம் நிண்டு பாத்தன். பேந்து திரும்பிப் போய் இதை லாச்சிக்குள்ளை போட்டிட்டு உன்ரை படத்துக்குப் பீங்கானைக் குழைச்சன்.”

பெட்டியை மூடித் திரும்ப லாச்சிக்குள் வைத்தார். பிறகு ஒன்றும் நடவாதது மாதிரித் தளபதியின் கொள்ளுப்பேரனுக்குத் திரும்பிவிட்டார்.

அவர் தமிழ்ப் பத்திரிகை வாசிப்பதில்லை. எழுத்துப் பெரிசு, பார்க்க ஏலாது என்பார். அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன். என்னைத் திருத்துவதற்கு வேண்டிய எல்லாம் கையில் இருந்தும் திருத்தாமல் விட்ட மனிதர் அவர். எனக்கு அவரில் கொள்ளை விருப்பம்.